நெட்டையனிடம் நீ ஒரு தடவை பேசு

அன்புள்ள குமாருக்கு,

நலம்தானே? உன் வீட்டுத் தங்கச்சியின் மூட்டுவலி எப்படி இருக்கிறது? இங்கே எல்லோரும் சுகம். மாவு மில் ஓடுகிறது, கரண்ட் இருக்கும்போது. ஆறேழு மாதமாக நான் போன் கூடப் போடவில்லை என்று நீ கோபத்தில் இருப்பாய். இரு, திட்டாதே. போனில் சொல்லி முடிக்கிற கதையாக இருந்தால் எப்போதோ சொல்லியிருப்பேன்.

முதலில் நல்ல செய்தி. என் தங்கச்சி மகன் பாண்டி போலீஸ் ஆகிவிட்டான். இரண்டாம் நிலைக் காவலர். ஆர்டர் கையில் வந்துவிட்டது, அடுத்த திங்கட்கிழமை பயிற்சிக்குப் போகிறான், ஏழு மாதம். சம்பளம் 18,200இல் ஆரம்பம். தங்கச்சி தெருவுக்கே கேசரி கிண்டிக் கொடுத்துவிட்டாள், ஒரு வீட்டைத் தவிர. அந்த ஒரு வீடு எது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

2019 பங்குனி உத்திரம் ஞாபகம் இருக்கிறதா? நீ வரவில்லை, உன் மகளுக்குப் பரீட்சை என்றாய். மைக்செட்காரர் பத்து மணிக்குப் பாட்டை நிறுத்த, பொடியன்கள் போய் வாக்குவாதம் செய்ய, தள்ளுமுள்ளில் ஒரு குழாய் ஒலிபெருக்கி உடைந்து அவர் முழங்கையும் சிராய்த்துக்கொண்ட அந்தச் சண்டை. விடிவதற்குள் ஸ்டேஷனில் புகார், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 294(பி), 323, 506(2), அதாவது ஆபாசத் திட்டு, அடி, கொலை மிரட்டல். நம் பக்கத்தில் யாரை யார் முறைத்துப் பார்த்தாலும் அப்போதெல்லாம் இந்த மூன்று பிரிவும் அண்ணன் தம்பி மாதிரி சேர்ந்தேதான் வரும். எஃப்ஐஆரில் ஐந்து பேர். அதில் நம் பாண்டி ஒருத்தன், நம் கூட்டாளி நெட்டையனின் மகன் ஒருத்தன். இரண்டு பேருக்கும் வயது 19 என்று எழுதி வைத்திருந்தார்கள், யாரைக் கேட்டு எழுதினார்களோ.

உண்மையில் பாண்டிக்கு அன்றைக்கு 17 வயது ஒன்பது மாதம். நெட்டையன் மகனுக்கு 18 வயது நான்கு மாதம். ஏழு மாத வித்தியாசம். இந்த ஏழு மாதத்தை மனதில் வைத்துக்கொள், மொத்தக் கதையும் அதில்தான் தொங்குகிறது.

பள்ளிக்கூடச் சான்றிதழைக் காட்டியதும் பாண்டியின் வழக்கைத் தனியாகப் பிரித்து, பதினெட்டு வயதுக்குள் உள்ளவர்களை விசாரிக்கிற இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூகப் பணியாளர்களும் உட்கார்ந்திருப்பார்கள், கூண்டும் கிடையாது, கூப்பாடும் கிடையாது. நான் போகும் வழியெல்லாம் இவனுக்குப் பாடம் எடுத்துக்கொண்டு போனேன், "ஒன்றும் தெரியாது என்று சொல்லுடா, கூட்டத்தில் நின்றேன், அவ்வளவுதான்" என்று. இவன் உள்ளே போய், "ஆமாம் சார், நான்தான் தள்ளினேன், தப்புதான்" என்று சொல்லிவிட்டான்! அவனையும் அவன் அம்மாவையும் உட்கார வைத்து அரை மணி நேரம் அறிவுரை சொல்லி அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்ததும் அவனை நான் அடிக்காத குறைதான்.

நெட்டையன் மகனுக்கும் மற்ற மூன்று பேருக்கும் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வழக்கு. அதைத்தான் நான் முடித்து வைத்தேன். அன்றிரவு உனக்குப் போன் போட்டு அளந்தேனே, "குமாரு, வக்கீல் வேண்டாம், நான் ஒருத்தன் போதும்" என்று. மைக்செட்காரருக்குக் குழாய்க்கு 8,000 ரூபாய் வாங்கிக் கொடுத்தேன், இரண்டு தரப்புக்கும் என் மில்லில் வைத்து டீ. எல்லாப் பிரிவையும் கோர்ட்டில் ராஜியாக முடிக்க முடியாது என்றார்கள். 294(பி) அப்படிப்பட்டதாம். அதனால் மைக்செட்காரரிடம் நான்தான் சொன்னேன், "அண்ணே, கூண்டில் ஏறி, இருட்டில் யார் அடித்தார்கள் என்று தெரியவில்லை என்று சொல்லிவிடுங்கள்" என்று. அவரும் நல்ல மனிதர், சொன்னார். இப்படி மாற்றிச் சொல்கிறவருக்குக் கோர்ட்டில் பெயர் பிறழ்சாட்சி. சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுதலை. நெட்டையன் அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினான். என் காலர் ஒரு வாரத்துக்குக் கீழே இறங்கவில்லை.

அப்புறம் 2023இல் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அறிவிப்பு வந்தது, போலீஸ், ஜெயில், தீயணைப்பு எல்லாம் சேர்த்து 3,359 இடம். இரண்டு பேரும் போட்டார்கள். விடியற்காலை நாலரைக்குக் கண்மாய்க் கரையில் ஓடுவார்கள். 1,500 மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் ஓட வேண்டும். பாண்டிக்குக் கயிறு ஏறத் தெரியாது, பாதியில் மாம்பழம் மாதிரி தொங்குவான். நெட்டையன் மகன்தான் புளியமரத்தில் வடம் கட்டி, காலை எப்படிப் பூட்ட வேண்டும் என்று மூன்று மாதம் சொல்லிக்கொடுத்தான். ஐந்து மீட்டர் ஏறினால் ஒரு ஸ்டார், ஆறு மீட்டர் ஏறினால் இரண்டு. பாண்டி இரண்டு ஸ்டார் வாங்கினான். தமிழ்த் தகுதித் தாளுக்கு மட்டும் இரண்டு பேரும் பயந்து செத்தார்கள். 80க்கு 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற தாளைத் திருத்தவே மாட்டார்கள். நல்லவேளை, உன் காலத்தில் அப்படி ஒன்று இல்லை. இருந்திருந்தால் நீ பேங்க் வாசலில் செருப்புக்கு டோக்கன் கொடுத்துக்கொண்டிருப்பாய்.

எழுத்து, ஓட்டம், மருத்துவம் எல்லாம் முடிந்து கடைசியாகப் போலீஸ் வெரிஃபிகேஷன். படிவத்தில் தெளிவாகக் கேள்வி இருக்கிறது, உங்கள் மீது எப்போதாவது வழக்குப் பதிவானதுண்டா என்று. இப்போதும் நான்தான் சொன்னேன், "இல்லை என்று எழுது, எவன் போய்ப் பழைய கட்டைப் புரட்டப் போகிறான்" என்று. பாண்டி என்னைப் பார்த்துச் சிரித்தான். "மாமா, இப்போது கட்டு கிடையாது. எல்லா ஸ்டேஷனும் கம்ப்யூட்டரில் இருக்கிறது." இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு 'ஆம்' என்று எழுதி, உத்தரவு நகலையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அப்புறம்தான் தெரிந்தது, மறைத்திருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும் என்று. 2016இல் உச்ச நீதிமன்றத்தில் அவ்தார் சிங் என்ற வழக்கில் மூன்று நீதிபதிகள் இதைத்தான் வரிசையாக எழுதி வைத்திருக்கிறார்கள், கேட்டதற்கு உண்மையைச் சொல்ல வேண்டும், மறைத்தது சின்ன வயதில் கோஷம் போட்ட மாதிரி அற்ப விஷயம் என்றால் அதிகாரி மன்னிக்கலாம், உண்மையைச் சொன்னாலும் ஆளை எடுத்தே தீர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அந்தக் கடைசி வரியில்தான் நாங்கள் மாட்டினோம்.

ஒரே நாளில் இரண்டு வீட்டுக்கும் பதிவுத் தபால். தகுதியில்லை என்று.

ஹைகோர்ட் மதுரை பெஞ்சில் ஒரே வக்கீலிடம் போனோம். அவர் சொன்னதைக் கேட்டுத்தான் குமாரு, எனக்கு அன்று இரவு சோறு இறங்கவில்லை. நம் போலீஸ் வேலைக்கான விதிகளில் 14(பி) என்று ஒன்று இருக்கிறது. அதற்குக் கீழே ஒரு விளக்கம். சந்தேகத்தின் பலனாலோ, புகார் கொடுத்தவர் பிறழ்சாட்சி ஆனதாலோ விடுதலையானவர், குற்ற வழக்கில் தொடர்புள்ளவராகவே கருதப்படுவார். திரும்பப் படி. நான் டீ வாங்கிக் கொடுத்து, 8,000 ரூபாய் கொடுத்து ஏற்பாடு செய்தது இரண்டையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி எழுதி வைத்திருக்கிறார்கள். 2008இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் சேர்ந்து உட்கார்ந்து அந்த விளக்கம் சரி என்றும் சொல்லிவிட்டார்களாம். வழக்கை நடத்தி, மைக்செட்காரர் உண்மையைச் சொல்லி, இவன் தள்ளவே இல்லை என்று கோர்ட்டே எழுதியிருந்தால் அது வேறு கணக்கு. அவன் உண்மையில் தள்ளவில்லை குமாரு! விலக்கிவிடத்தான் போனான், அதை மைக்செட்காரரே எனக்கு அப்போது சொன்னார். நான்தான் அவர் வாயை அடைத்தேன்.

பாண்டி விஷயம் நேர் எதிர். சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 24. பதினெட்டு வயதுக்குள் ஒருவன் தப்பே செய்திருந்தாலும் அதைக் காட்டி அவனுக்குப் பின்னால் எந்தத் தகுதிக்குறைவும் வரக் கூடாது, மேல்முறையீட்டுக் காலமெல்லாம் முடிந்தபின் அந்தப் பதிவையே அழித்துவிட வேண்டும். மாசி மாதம் அவன் வழக்கு முதலில் வந்தது. நிராகரித்தது செல்லாது, எட்டு வாரத்துக்குள் மறுபடி பரிசீலியுங்கள் என்று உத்தரவு. ஆர்டர் வந்துவிட்டது. நெட்டையன் மகன் மனு ஆனியில் வந்தது. தள்ளுபடி.

ஆக, தள்ளினேன் என்று ஒப்புக்கொண்டவன் போலீஸ். தள்ளாமல் விடுதலையும் ஆனவன் வெளியே. நான் கோணல் என்று நினைத்ததெல்லாம் நேராகப் போய்விட்டது, நேராக்குகிறேன் என்று கை வைத்தது கோணிவிட்டது.

சட்டத்தை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. லத்தியும் துப்பாக்கியும் கொடுக்கிற வேலை, ஆளைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். ரவுடிப் பயல்களெல்லாம் சாட்சியை மிரட்டித்தான் விடுதலை ஆகிறார்கள். 2013இல் டெல்லி போலீஸ் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. அதே டெல்லி போலீஸ், 2011இல் இன்னொரு பையன், சின்ன வயதில் செய்த தப்புக்கு ஆயுசுக்கும் முத்திரை குத்தாதீர்கள் என்று அதே கோர்ட் அவன் பக்கம் நின்றிருக்கிறது. இரண்டும் சரியாகத்தான் படுகிறது எனக்கு. ஆனால் மிரட்டி வாங்கிய பிறழ்சாட்சியும் டீ வாங்கிக் கொடுத்து வாங்கிய பிறழ்சாட்சியும் ஒரே அச்சில் விழுகிறதே, அதுதான்.

அந்தக் காலத்தில் மோட்டார் ரூமில் நாம் இளநீர் திருடி மாட்டிய விஷயத்தை இந்த ஒரு மாதத்தில் எத்தனை தடவை நினைத்தேன் தெரியுமா? நம் மூன்று பேரையும் ஸ்டேஷன் வாசலில் தோப்புக்கரணம் போட வைத்துவிட்டு, ஏட்டையா நோட்டை மூடினாரே. நீ நாற்பதைத் தாண்டவில்லை, நெட்டையன் உனக்கும் சேர்த்துப் போட்டான். அன்றைக்கு அவர் பேனாவைத் திறந்திருந்தால் உன் பேங்க் வேலை என்ன ஆகியிருக்கும்?

நெட்டையன் என்னோடு பேசி மூன்று வாரம் ஆகிறது. சண்டை போட்டிருந்தாலாவது பரவாயில்லை. மில்லுக்கு அரைக்க வருகிறான், தூக்கை வைக்கிறான், காசை வைக்கிறான், போகிறான். அன்றைக்கு அவன் மனைவி மட்டும், "நீங்க நல்லதுக்குத்தானேண்ணே செஞ்சீங்க" என்று சொன்னாள். அதற்கு அவள் நாலு அறை அறைந்திருக்கலாம். பாண்டியோ ஆர்டரை மேசை டிராயரில் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறான், புது ஷூ வாங்கக்கூடப் போகவில்லை. அவன் இப்போதும் நாலரைக்கு எழுந்து கண்மாய்க் கரைக்குப் போகிறான், தனியாக.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நெட்டையன் மகன் மனு தள்ளுபடியானதை எதிர்த்து இரண்டு நீதிபதிகள் முன்னால் ரிட் அப்பீல் போடலாம், முப்பது நாளுக்குள் என்றார் வக்கீல். பத்தொன்பது நாள் போய்விட்டது. உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் அற்ப வழக்கு, மறைக்கவில்லை, வயது இதையெல்லாம் அதிகாரி யோசித்துப் பார்த்தாரா என்று கேட்க இடம் இருக்கிறது என்கிறார். செலவை நான் பார்த்துக்கொள்கிறேன், மில்லுக்கு மோட்டார் மாற்ற வைத்திருந்த பணம் இருக்கிறது. நெட்டையன்தான் வேண்டாம் என்கிறான், பையனைத் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு அனுப்பப் பேசி முடித்துவிட்டானாம். என்னிடம் சொல்லவில்லை, டீக்கடையில் கேள்விப்பட்டேன்.

நான் போய்ச் சொன்னால் கேட்க மாட்டான். நீ சொன்னால் கேட்பான், உனக்காகத் தோப்புக்கரணம் போட்டவன். போனில் வேண்டாம். இந்தச் சனிக்கிழமை ராத்திரி வண்டியில் ஏறு, காலையில் பைபாஸில் நான் டிவிஎஸ்ஸோடு நிற்கிறேன். வரும்போது வக்காலத்தில் பையன் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று அந்த வக்கீல் பென்சிலில் குறித்துக் கொடுத்த காகிதம் என் சட்டைப் பையில் இருக்கும். முதலில் நேராக நெட்டையன் வீடு, குளியல் எல்லாம் அப்புறம்.

உன்,
மில்லுக்காரன்

பி.கு.: உன் வீட்டுத் தங்கச்சிக்குப் பாண்டி அம்மா கேசரி கொடுத்துவிடுவாள். நெட்டையன் வீட்டுக்கும் சேர்த்து எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். அதை நீயே கொடு.