நாற்காலியில் உட்காரவும் பழக வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

விளையாட்டுப் பக்கங்களில் அடிக்கடி ஒரு படம் வருகிறது. தோற்றுக்கொண்டிருக்கும் வீரர் மட்டையைத் தரையில் அடித்து உடைப்பார், அல்லது கையில் இருப்பதைத் தூக்கி வீசுவார். படத்தின் கீழே ‘ஆவேசம்’ என்றோ ‘வெற்றி வெறி’ என்றோ ஒரு வரி இருக்கும். அந்த வரியைப் பற்றித்தான் எழுதுகிறேன். நான் 22 ஆண்டுகளாக பாக்கெட் பில்லியர்ட்ஸ் ஆடுகிறேன்; கியூ என்ற கோலால் வெள்ளைப் பந்தை அடித்து, மற்றப் பந்துகளை மேசையின் பைகளில் போடும் ஆட்டம் அது. போட்டிகளில் ஆடுவது பெரும்பாலும் அதில் ஒரு வகையான நைன் பால். கடந்த சில ஆண்டுகளாக வார இறுதிகளில் சிறுவர் சிறுமியருக்குப் பயிற்சியும் கொடுக்கிறேன். கோபத்தால் நான் இழந்த ஓர் ஆட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அதை மறைத்துவிட்டுப் பிறருக்கு யோசனை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முதலில் 9 ரேக் (பந்துகளை அடுக்கி ஆடி முடிக்கும் ஒரு சுற்று) வெல்பவருக்கு ஆட்டம். 8-8 என்று சமநிலையில் கடைசி ரேக்குக்கு வந்திருந்தோம். நைன் பாலில் மேசையில் இருப்பவற்றில் மிகக் குறைந்த எண்ணுள்ள பந்தைத்தான் வெள்ளைப் பந்து முதலில் தொட வேண்டும். ஒன்பதாம் பந்தை முறைப்படி பையில் போடுபவர் ரேக்கை வெல்வார். நான் ஆறாம் பந்தைத் தவறவிட்டேன். பயிற்சியில் பத்துக்குப் பத்து போடுகிற பந்து அது. எனக்கு எதிரே ஆடியவர் என்னைவிட மிகவும் இளையவர். ஆறை அமைதியாகப் போட்டார். ஏழைத் தவறாக அடித்தார். அது பையின் உதட்டில் மோதித் திரும்பி, மேசை ஓரத்தின் இரண்டு குஷன்களைத் தொட்டு, மேசையின் மறுமுனையில் அவர் நினைத்தே பார்த்திராத பையில் போய் விழுந்தது. நைன் பாலில் எந்தப் பந்து எந்தப் பையில் என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை; விழுந்தது விழுந்ததுதான். அவர் தொடர்ந்து ஆடி எட்டையும் போட்டுவிட்டார்.

ஒன்பது மட்டும் மீதம். நேரான பந்து, ஆனால் மேசையின் முழு நீளத்துக்கும் போக வேண்டும். நான் நாற்காலியில் இருந்தேன். காது மடல் சுட்டது. என் கை தானாகவே கியூவின் நடு இணைப்புக்குப் போய், அதைத் திருகிக் கழற்றியது. நான்கைந்து சுற்று இருக்கும். கழன்ற இரண்டு துண்டுகளையும் மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அடித்த சத்தம் கேட்டது. பந்து விழுந்த சத்தம் கேட்கவில்லை. நிமிர்ந்தேன். ஒன்பது பையின் வாயில் இரண்டு பக்கமும் மோதி, விளிம்பில் நின்றுகொண்டிருந்தது. ஊதினால் விழுந்துவிடும். நான் எழுந்துவிட்டேன். நடுவர் கையை நீட்டித் தடுத்தார்.

“ஐயா, நீங்கள் கியூவைக் கழற்றிவிட்டீர்கள். ஆட்டம் அவருக்கு.”

உலகப் பூல் பில்லியர்ட்ஸ் சங்கத்தின் விதிகளிலேயே இது உண்டு. ஆட்டத்தின் முடிவைத் தீர்மானிக்கும் ரேக்கில், எதிராளி மேசையில் ஆடிக்கொண்டிருக்கும்போது தன் கியூவைக் கழற்றுபவர் தோல்வியை ஒப்புக்கொண்டவராகக் கருதப்படுவார். எனக்கு நன்றாகத் தெரிந்த விதி. மற்றவர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்த விதி. நடுவர் செய்தது முழுக்கச் சரி. அந்த இளைஞரிடம் கைகுலுக்காமல் வெளியே போனேன் என்பதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் தவறவிட்ட ஆறாம் பந்தையே நினைத்துக்கொண்டிருந்தேன். பல நாள் கழித்துத்தான் விளங்கியது: ஆட்டத்தை இழந்தது மேசையில் அல்ல, நாற்காலியில். மேசையில் நான் செய்த தவற்றுக்கு ஆட்டமே ஒரு மாற்று கொடுத்துவிட்டது. அதை வாங்கிக்கொள்ள நான் அங்கே இல்லை.

மற்ற பல விளையாட்டுகளில் கோபத்துக்கு உடம்பில் ஒரு வடிகால் இருக்கிறது. ஓடலாம், குதிக்கலாம், அடுத்த பந்தை ஓங்கி அடிக்கலாம். இங்கே அப்படி எதுவும் இல்லை. எதிராளியின் முறை முடியும்வரை உட்கார்ந்தே இருக்க வேண்டும். அசையவும் கூடாது, முணுமுணுக்கவும் கூடாது. ரேக்கை வென்றவருக்கே அடுத்த பிரேக் (ரேக்கின் முதல் அடி) என்ற முறையில், திறமையான எதிராளி தொடர்ந்து மூன்று நான்கு ரேக்குகளை முடித்துவிட்டால், தவறவிட்ட ஒரே பந்தை மனத்தில் வைத்துக்கொண்டு நாம் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். 1954-இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் நடந்த ஒரு காட்சி ஆட்டத்தில் வில்லி மாஸ்கோனி என்ற வீரர் தவறே செய்யாமல் 526 பந்துகளைத் தொடர்ந்து போட்டார். இந்த ஆட்டம் தெரிந்த எல்லோருக்கும் அந்த எண் தெரியும். எனக்கு அந்த எண்ணைக் கேட்டால் எதிரே இருந்த ஏர்ல் புரூனி என்பவரின் நினைவுதான் வரும். 526 பந்துகள்வரை ஒரு மனிதர் தன் முறைக்காகக் காத்திருந்தார்.

கோபம் ஆட்டத்தை எப்படிக் கெடுக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ‘மனம் ஒருமுகப்பட வேண்டும்’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனால் யாருக்கும் பயனில்லை. கோபம் முதலில் போய் உட்காரும் இடம் பின்கை, அதாவது கியூவின் பின்பகுதியைப் பிடிக்கும் கை. கியூ விரல்களின் மேல் தளர்வாகக் கிடக்க வேண்டும். கோபத்தில் விரல்கள் இறுகும். இறுகியதும் மணிக்கட்டு அசைய மறுக்கும். வீச்சின் கடைசிக் கணத்தில் நுனி கோட்டிலிருந்து விலகும். பந்தின் விட்டம் 57 மில்லிமீட்டர். மூலைப் பையின் வாய் ஏறக்குறைய இரண்டு பந்துகளின் அகலம். கேட்பதற்குத் தாராளமாகத்தான் தெரியும். ஆனால் மேசையின் ஆடுபரப்பு 100 அங்குல நீளம். அந்தத் தொலைவில், நுனி வெள்ளைப் பந்தின் நடுவிலிருந்து ஓரிரு மில்லிமீட்டர் தள்ளிப் பட்டாலே போதும், பந்து வேறு எங்கோ போய்விடும்.

அடுத்தது வேகம். மெதுவாக வரும் பந்து பையின் உதட்டில் பட்டாலும் பல நேரம் உருண்டு உள்ளே விழுந்துவிடும். அதே பந்து வேகமாக வந்து அதே இடத்தில் பட்டால் இரண்டு உதடுகளுக்கும் இடையே அடிபட்டு வெளியே வந்துவிடும். கோபத்தில் இருப்பவர் தேவைக்கு மேல் வேகமாகத்தான் அடிப்பார். அதனால் அவர் தவறவிடும் பந்துகள் பையின் வாய்வரை போய்த் திரும்புகின்றன. பார்ப்பவருக்கு அது வெறும் துரதிர்ஷ்டமாகத் தெரியும். அவருக்கும் அப்படித்தான் தெரியும். ‘இன்றைக்கு என் நேரம் சரியில்லை’ என்று கோபம் இன்னும் ஒரு படி ஏறும். நானே ஆண்டுக்கணக்கில் இந்தச் சுழலில் கிடந்திருக்கிறேன்.

அதிர்ஷ்டத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தத் தோல்விக்குப் பிறகு ஒரு பருவம் முழுவதும் குறிப்பேடு வைத்துக்கொண்டேன். தற்செயலாக விழுந்த பந்து, தற்செயலாக மறைந்து நின்ற வெள்ளைப் பந்து என்று எல்லாவற்றையும் எழுதினேன்; எதிராளிக்கு வாய்த்தவை இடப்பக்கம், எனக்கு வாய்த்தவை வலப்பக்கம். இடப்பக்கம் நிரம்பி வழியும் என்று நம்பித்தான் தொடங்கினேன். பருவம் முடிந்தபோது வலப்பக்கம் இரண்டே வரிகள்தான் குறைவாக இருந்தது. எழுதிவைத்திருக்காவிட்டால் என் பக்கத்து வரிகளில் பாதிகூட எனக்கு நினைவிருந்திருக்காது.

கோபத்தால் ஆட்டத்தை விட்டெறிந்தவர்களில் மிகப் பெரியவர்களும் உண்டு. 2006-இல் ஸ்னூக்கர் வீரர் ரோனி ஓ’சல்லிவன், 9 பிரேம் (எங்கள் ரேக் போன்ற சுற்று) வென்றால் வெற்றி என்ற ஆட்டத்தில் ஸ்டீபன் ஹெண்ட்ரியிடம் 4-1 என்று பின்தங்கியிருந்தபோது, நடு ஆட்டத்தில் கைகுலுக்கிவிட்டு வெளியேறிவிட்டார். ஆட்டம் முடிய எவ்வளவோ இருந்தது. அந்தக் காட்சியைப் பலர் இன்றும் ரசித்துச் சொல்வார்கள். ஆனால் அவர் பின்னாளில் ஸ்டீவ் பீட்டர்ஸ் என்ற மனநல மருத்துவரிடம் பயிற்சிக்குப் போனதையும், அது தனக்கு எவ்வளவு உதவியது என்று அவரே வெளிப்படையாகப் பேசியதையும் அதே ஆர்வத்தோடு யாரும் சொல்வதில்லை. 2012, 2013 உலகப் பட்டங்கள் அதற்குப் பிறகு வந்தவை. அவ்வளவு திறமை உள்ளவரே இதைத் தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது என்றால், கற்றுக்கொடுக்காமலே நம் பிள்ளைகளுக்கு எப்படி வரும்?

என்னிடம் பயிலும் ஒரு சிறுமிக்குப் பதின்மூன்று வயது. கியூவை ஒருநாளும் அடித்ததில்லை, முகம் சுளித்ததில்லை. ‘எவ்வளவு பொறுமையான பெண்’ என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். ஒரு போட்டியில் அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார நேர்ந்தது. ஒரு பந்தைத் தவறவிட்டு வந்து உட்கார்ந்தாள். கியூ நுனியில் பூசும் சாக்கட்டியின் குழிக்குள் கட்டைவிரல் நகத்தை அழுத்திச் சுழற்றத் தொடங்கினாள். எதிராளி மூன்று பந்துகள் போடும்வரை நிறுத்தவில்லை. நீலப் பொடி அவள் முழங்காலில் கொட்டிக்கொண்டிருந்தது. உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. ஆட்டம் முடிந்த பிறகு, என்ன சொல்லிக்கொண்டிருந்தாய் என்று கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னாள். தன்னைத்தானே அவள் திட்டிக்கொண்ட சொற்களை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. வெளியே தெரியும் கோபத்தை நடுவர் கண்டிக்கலாம். உள்ளே எரிவதை யார் கண்டிப்பது? அதை அடக்கமான குணம் என்று நாங்கள் பாராட்டிக்கொண்டிருந்தோம்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். தவறவிட்டு வந்து உட்கார்ந்ததும் ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். அது பந்தைப் பற்றியோ கையைப் பற்றியோ இருக்க வேண்டும். முதலில், “எனக்கு வரவே வராது, சார்” என்றாள். அது உன்னைப் பற்றிய வாக்கியம், பந்தைப் பற்றிச் சொல் என்றேன். “கஷ்டமான பந்து” என்றாள். அதுவும் போதாது என்றேன். மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ, “அடிக்கும் முன்பே தலையைத் தூக்கிவிட்டேன்” என்று வந்தது. சொன்னதும் தோள்கள் இறங்கின. சாக்கட்டியைக் கீழே வைத்தாள். வாக்கியம் கிடைத்த பிறகு அவளுக்கு இரண்டாவது வேலை, மேசையைப் பார்ப்பது: இப்போது என் முறை வந்தால் எந்தப் பந்து, வெள்ளைப் பந்து எங்கே நிற்க வேண்டும்? இந்த இரண்டு வேலைகளும் இருந்தால் நாற்காலியில் நேரம் போதாமல் போகும். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீட்டுவது, குனிந்த பிறகு சந்தேகம் வந்தால் தயங்காமல் நிமிர்ந்துவிடுவது ஆகியவற்றையும் சொல்லிக்கொடுக்கிறேன். அவை பல பயிற்சியாளர்களும் சொல்வதுதான்.

ஷேன் வான் போனிங் என்ற அமெரிக்க வீரர் 2015-லும் 2016-லும் உலக நைன் பால் இறுதி ஆட்டங்களில் தோற்றார். 2016-இல் அவரை வென்றவர் ஆல்பின் ஓஷான். 2022-இல் அதே ஓஷானை இறுதி ஆட்டத்தில் 13-6 என்று வென்று பட்டம் பெற்றார். அடுத்தடுத்த இரண்டு தோல்விகளுக்கும் அந்த வெற்றிக்கும் நடுவே இருந்த ஆண்டுகளை என் மாணவர்களிடம் அடிக்கடி நினைவுபடுத்துகிறேன். ஆவேசப் படங்களில் அந்த ஆண்டுகள் வருவதில்லை.

பயிற்சி மையங்களுக்கும் போட்டி நடத்துபவர்களுக்கும் என் கோரிக்கைகள் இவை. நிற்பது, பிடிப்பது, வீசுவது எல்லாம் சொல்லித்தருகிறோம், உட்காருவதையும் சொல்லித்தாருங்கள். பயிற்சி ஆட்டங்களில்கூட எதிராளி ஆடும்போது பிள்ளைகளைக் கைப்பேசி பார்க்க விடாமல் நாற்காலியில் உட்காரவையுங்கள். விளையாட்டுப் பண்புக்கு மாறான நடத்தைக்கு எச்சரிக்கை, ஃபவுல், ரேக் இழப்பு, ஆட்ட இழப்பு, போட்டியிலிருந்தே வெளியேற்றம் என்று படிப்படியான அதிகாரம் நடுவருக்கு ஏற்கெனவே இருக்கிறது. கியூவின் அடிப்பகுதியைத் தரையில் முதல்முறை குத்தும்போதே எச்சரித்துவிட்டால் கடைசி ரேக்கில் பெரிய தண்டனை தேவைப்படாது. பெரியவர் ஒருவர் குத்துவதைப் பார்க்கும் சிறுவன் அடுத்த வாரமே குத்துகிறான். என் கண்முன்னே நடந்திருக்கிறது.

தங்களிடம் கேட்பது சிறியது. ‘ஆவேசம்’ என்று எழுதும் இடத்தில் நடந்ததை எழுதுங்கள்: கோபத்தில் மட்டையை உடைத்தார், அடுத்து இத்தனை புள்ளிகளை இழந்தார் என்று. எங்கள் ஆட்டத்தைப் படமெடுக்க வரும் தங்கள் புகைப்படக்காரரிடம், மேசையில் குனிந்து நிற்பவரை எடுத்த பிறகு நாற்காலியில் இருப்பவரையும் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். அந்தப் படம் வெளிவந்தால் வெட்டியெடுத்து எங்கள் பயிற்சி அறையில் ஒட்டிவைப்பேன். அவர் கையில் கியூ முழுதாக இருக்கிறதா என்றுதான் என் மாணவர்கள் முதலில் பார்ப்பார்கள்.

இப்படிக்கு,
நைன் பால் ஆடும் தங்கள் வாசகர் ஒருவர்