அம்புக்குறி இல்லாத வழி

அன்புள்ள முரளிக்கு,

கடிதம் கிடைத்தது. ஸ்டியரிங், பெடல், கியர் என்று முழு செட்டாகவே வாங்கிவிட்டாய் என்று படித்ததும் சிரித்துவிட்டேன். ஆபீஸ் முடிந்து வந்து, வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, ராத்திரி பத்து மணிக்கு யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2 என்கிற லாரி ஓட்டும் கேமில் பிராகிலிருந்து மிலானுக்கு லோடு ஏற்றிப் போகிறவனிடம், "ஒரு வேலை முடிஞ்சு இன்னொரு வேலையா?" என்று உன் வீட்டில் கேட்டதில் தப்பே இல்லை. ஆனாலும் நான் உன் கட்சிதான். 2012-ல் வந்த கேமை இன்னும் இத்தனை பேர் ஓட்டுகிறார்கள் என்றால் லாரிக்காக இல்லை, ரோட்டுக்காக. ஐரோப்பாவை 19-ல் ஒரு பங்காகச் சுருக்கி வைத்தும், ஆல்ப்ஸ் பக்கம் ஏறும்போது தூரம் போகிறோம் என்கிற உணர்வு வருகிறது பார், அது சாதாரண வேலை இல்லை.

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைக்குப் பரவாயில்லை. மார்க்கெட் பக்கம் நாம் கவுன்டர் ஸ்ட்ரைக்கே கதி என்று கிடந்த பிரௌசிங் சென்டர் இப்போது மொபைல் கவர் விற்கிற கடை.

இப்போது என்ன விளையாடுகிறேன் என்று கேட்டிருந்தாய். மாரோவிண்ட், வாளும் மந்திரமுமாக ஒரு கற்பனை உலகத்தைச் சுற்றிவருகிற கேம். ஆமாம், 2002-ல் வந்ததுதான். முகங்கள் மரப்பாச்சி மாதிரி இருக்கும், சண்டையில் வாள் எதிரி மேல் பட்டாலும் படாத கணக்குதான், கிளிஃப் ரேசர் என்று ஒரு பறக்கும் சனியன் போகிற இடமெல்லாம் துரத்தும். இவ்வளவும் இருந்தும் விட முடியவில்லை. காரணம் ஒன்றுதான்: அதில் போக வேண்டிய இடத்தைக் காட்டும் அம்புக்குறி கிடையாது. வேலை கொடுக்கிறவர் வாயால் வழி சொல்வார். பாலத்தைத் தாண்டு, மலைச் சரிவை ஒட்டி வடக்கே போ, இரண்டாகப் பிரிகிற இடத்தில் கிழக்கே திரும்பு. அவ்வளவுதான், அது உன் குறிப்பேட்டில் ஏறிவிடும். மற்றது உன் கண், உன் கால்.

ஆரம்பத்திலேயே ஒருவர் ஒரு சின்னப் புதிர்ப்பெட்டியை எடுத்து வரச் சொல்லி ஒரு பழைய இடிபாட்டுக்கு அனுப்புவார். போய்ச் சேர்ந்தால் கதவு எங்கே என்றே தெரியாது. அங்கே ஒரு குழாயில் இருக்கும் கைப்பிடியைத் திருப்பினால்தான் பாறை திறக்கும். உள்ளே போனால் அந்தப் பெட்டி ஏதோ ஒரு அலமாரித் தட்டில் கேட்பாரற்றுக் கிடக்கும். எத்தனையோ பேர் இந்த இடத்தில் வெறுத்துப்போய் கேமையே மூடியிருக்கிறார்கள். ஆனால் கண்டுபிடித்தவன் அந்த அறையை ஆயுசுக்கும் மறக்க மாட்டான். அதே வரிசையில் அடுத்து 2006-ல் வந்த ஆப்ளிவியனில் திசைகாட்டியில் ஒரு குறியை வைத்துவிட்டார்கள். அதற்கப்புறம் வழி சொல்கிற பேச்சே தேவையில்லாமல் போயிற்று. குறி இருக்கும்போது ஊர்க்காரன் பேச்சை யார் கேட்பார்கள்?

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். "எனக்குக் கிடைக்கிறதே அரை மணி நேரம், அதில் பாறையைச் சுற்றிக்கொண்டிருக்க முடியுமா?" நியாயம்தான். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் அம்புக்குறி ஒரு கருணை, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் குறியையே நம்பிக்கொண்டிருக்காமல், ஆளையும் தொலைக்காமல் செய்ய முடியும் என்பதற்கு 2017-ல் வந்த செல்டா, அதான் பிரெத் ஆஃப் தி வைல்ட், இருக்கிறது. அதன் இயக்குநர் ஃபுஜிபயாஷி கியோட்டோக்காரர். ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு எவ்வளவு தூரம் வைக்கலாம் என்று பார்க்க, தனக்குப் பழகிய கியோட்டோவின் வரைபடத்தையே கேம் உலகத்தின் மேல் வைத்து அளந்து பார்த்தாராம். நடந்து பழகியவன் கணக்கு அது.

அதைவிட எனக்குப் பிடித்தது அவர்களுடைய முக்கோண வித்தை. அந்த உலகத்தில் மேடு, குன்று, மலை எல்லாமே கிட்டத்தட்ட முக்கோண வடிவம். முக்கோணத்தைப் பார்த்தால் மனசுக்கு இரண்டு யோசனை வரும்: ஏறிப் போவதா, சுற்றிப் போவதா. எதைச் செய்தாலும் அது நம் முடிவு. அதே முக்கோணம் தனக்குப் பின்னால் இருப்பதைக் கொஞ்ச நேரம் மறைத்து வைக்கும். சுற்றி வந்ததும் ஒரு கோபுரமோ கோவிலோ சட்டென்று தலைகாட்டும். கிளம்பிய காரியம் என்ன என்பதே மறந்துபோகும்.

ஜப்பானின் சுஷிமாத் தீவில் நடக்கிற சாமுராய் கேம், கோஸ்ட் ஆஃப் சுஷிமாவையும் இதில் சேர்க்கலாம் என்று எழுதியிருந்தாய். எனக்கு ஒப்புதல் இல்லை. காற்று அடித்து வழி காட்டுகிறது, அழகுதான், புல் அத்தனையும் ஒரே பக்கம் சாயும்போது புல்லரிக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தக் காற்றும் வேஷம் போட்ட அம்புக்குறிதானே? ஒன்றை மட்டும் அந்தக் கேமுக்காகச் சொல்ல வேண்டும். அது வந்த 2020-லேயே, நிஜ சுஷிமாத் தீவில் வதத்சுமி கோவிலின் தோரணவாயில் ஒன்று புயலில் விழுந்துவிட்டது. திரும்ப எழுப்பப் பணம் திரட்டியபோது, அந்தத் தீவைத் திரையில் மட்டுமே பார்த்த ரசிகர்கள் அனுப்பிய காசும் அதில் சேர்ந்தது. அடுத்த வருஷம் அந்த ஊர் நகராட்சி கேமை உருவாக்கிய இருவரைச் சுற்றுலாத் தூதர்களாகவே அறிவித்தது. நிஜத் தீவு கேமில் வருகிற மாதிரி பரந்த புல்வெளி இல்லை, பெரும்பாலும் மலையும் காடும்தான். கொரியாவின் பூசான் 50 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. என்றைக்காவது போக வேண்டும்.

சுஷிமா இருக்கட்டும், பக்கத்தில் இருக்கிற கழுகுமலையைப் பற்றிச் சொல்கிறேன். போன மாதம் பைக்கில் போனேன். மாரோவிண்ட் ஏற்றிவிட்ட திமிரில் போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டேன். கயத்தாறில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, காற்றாலைகளைத் தாண்டி, கரிசல் காட்டு வழியாகப் போகிற ரோடு. ஒரு டீக்கடையில் கேட்டேன். "நேரா போங்க தம்பி, கண்மாய்க் கரை வரும், அதுக்குப் பொறவு ஒரு பாலம். பாலம் ஏறிராதீங்க, அதுக்கு முன்னாலயே இடதுகைப் பக்கம் ஒடிச்சுத் திரும்புங்க." பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவருக்கு அதில் சம்மதமில்லை. "அந்த ரோடு குண்டும் குழியுமால்லா கெடக்கு" என்று வேறு வழி சொன்னார். இரண்டு பேரும் மும்முரமாக வாதாட, நான் டீயைக் குடித்துவிட்டுப் பெரியவர் சொன்ன வழியில் போனேன். சமவெளியில் தனியாக நிற்கிற மலை அது. பனைமரக் கூட்டத்துக்குப் பின்னால் மறையும், வளைவு திரும்பினால் இன்னும் கொஞ்சம் பெரிதாகத் தெரியும். ஃபுஜிபயாஷி பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

நீ அங்கே போனதில்லை என்று நினைக்கிறேன். மேலே வெட்டுவான் கோவில். எட்டாம் நூற்றாண்டு, பாண்டியர் காலம். மலையை மேலிருந்து கீழாகக் குடைந்து ஒரே பாறையில் செதுக்கியது, எல்லோராவின் கைலாசநாதர் கோவில் போல, ஆனால் சின்னது. விமானத்தில் தட்சிணாமூர்த்தி மிருதங்கம் வாசிக்கிறார். உபதேசம் பண்ணுகிற முகத்தையே பார்த்துப் பழகிய நமக்கு, தாளத்தில் சொக்கிப்போன அந்த முகம் புதுசு. மேல்பகுதியில் இத்தனை நுணுக்கம், கீழே இறங்க இறங்க வேலை நின்றுவிடுகிறது. அடிப்பகுதி வெறும் பாறை. ஏன் நின்றது? ஊரில் ஒரு கதை சொல்கிறார்கள். அப்பன் மலையடிவாரத்தில் ஒரு கோவில் கட்டுகிறான், மகன் மேலே இதைச் செதுக்குகிறான், மகனுடைய உளிச்சத்தத்தையும் அவன் வேலையை ஊர் புகழ்வதையும் பொறுக்க மாட்டாமல் அப்பன் அவனைக் கொன்றுவிடுகிறான். நிஜமான காரணம் அரசியலோ பணமோ, எதுவாகவும் இருக்கலாம். பாதியில் நின்ற பாறையைப் பார்த்து யாரோ இட்டு நிரப்பிய கதை.

அங்கே நிற்கும்போது டார்க் சோல்ஸ் கேம் ஞாபகம் வந்தது என்றால் திட்டாதே. அதை உருவாக்கிய மியாசாகி, சின்ன வயதில் தன் வாசிப்புக்கு மீறிய ஆங்கிலப் புத்தகங்களை எடுத்து, புரியாத பக்கங்களைக் கற்பனையால் நிரப்பிக்கொள்வாராம். அதனால்தான் அவருடைய கேமில் யாரும் கதையை முழுசாகச் சொல்வதில்லை. ஒரு மோதிரத்தின் குறிப்பில் இரண்டு வரி, செத்துக்கிடக்கிறவன் எந்தப் பக்கம் பார்த்துக் கிடக்கிறான் என்பதில் மீதி. கழுகுமலையில் இன்னொரு பக்கம் சமணச் சிற்பங்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன, தீர்த்தங்கரர்கள், சிங்கத்தோடு அம்பிகா, பாம்புக்குடையின் கீழ் பார்சுவநாதர். அவற்றின் கீழே வட்டெழுத்தில் ஓரிரு வரிகள், இந்தத் திருமேனியை இன்னார் செய்வித்தார் என்று. அதில் குயவரும் தச்சரும் வருகிறார்கள், குரத்தியர் என்கிற பெண் ஆசிரியர்களும் வருகிறார்கள். யாருக்கும் இரண்டு வரிக்கு மேல் இல்லை. அந்தக் குயவன் எத்தனை பானை விற்று இதற்குக் காசு சேர்த்தான் என்று யோசித்துக்கொண்டே வெயிலில் நின்றேன்.

திரும்பும்போது கோவில்பட்டி வழியாக வந்து கடலைமிட்டாய் வாங்கினேன். உனக்குப் பார்சல் அனுப்பும் செலவில் இங்கே ஒரு மூட்டை வாங்கலாம், அதனால் நீ வரும்போது தருகிறேன்.

அப்புறம், பெரியவனுக்கு என்ன கேம் வாங்கிக் கொடுக்கலாம் என்று கேட்டிருந்தாய். எட்டு வயது என்றால் எ ஷார்ட் ஹைக். ஒரு பறவைப் பெண், ஒரு மலை உச்சி, சண்டையே கிடையாது. மேப் இல்லை, அவனாகச் சுற்றிக் கண்டுபிடிக்கட்டும். அதை முடித்ததும் வெண்பா. 2023-ல் உங்கள் டொராண்டோவிலேயே செய்தது. 1980-களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த குடும்பத்தின் கதை. பிரிட்டனின் பாஃப்டா கேம் விருதுகளில் சிறந்த முதல் படைப்புக்கான விருதும் வாங்கியது. அம்மா கொடுத்த சமையல் குறிப்பேடு கிழிந்து அழிந்து கிடக்கும், மிச்சமிருக்கிற வார்த்தைகளை வைத்து இட்லித் தட்டை எப்படி அடுக்குவது, புட்டு எப்படி அவிப்பது என்று நீயே யூகிக்க வேண்டும். ஒரே சாயங்காலத்தில் முடிந்துவிடும். அதில் வருகிற பையன் கவின் அம்மாவுக்கு இங்கிலீஷில் பதில் சொல்கிற இடங்களில் உனக்குக் கொஞ்சம் சுருக்கென்று இருக்கும், தயாராக இரு. இட்லிக் கட்டத்தில் உன் பையன் திணறினால் நீ சொல்லிக்கொடுக்காதே, உனக்கும் தெரியாது. அவன் அம்மாவைக் கேட்கச் சொல்.

பதில் போடு. போனில் பேசுகிறபோது இதெல்லாம் வராது.

அன்புடன்,
சங்கர்
பாளையங்கோட்டை