மிச்சிகன் ஆளுநர் பதவிக்குப் போட்டியிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களுக்கு வணக்கம்.

உங்களில் வெற்றி பெறுபவர் 2027 ஜனவரி 1 அன்று பொறுப்பேற்பார். அதற்கு முன்பே அவர் தம் அலுவலகத்தின் தலைமை அதிகாரியைத் தேர்ந்தெடுத்துவிடுவார். அந்தத் தேர்வைப் பற்றியே எழுதுகிறேன். (அமெரிக்க ஆளுநர் மக்கள் வாக்களித்து அமர்த்துபவர், அதிகாரத்தில் நம் ஊர் முதலமைச்சருக்கு நிகரானவர் என்பதைத் தமிழ்நாட்டு வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டுகிறேன்.) ஆளுநரை யார் சந்திப்பது, எந்தக் கோப்பு அவர் மேசைக்குப் போவது, எந்தக் கெட்ட செய்தி எத்தனை விரைவில் அவரை எட்டுவது என்பவற்றையெல்லாம் பெருமளவு தீர்மானிக்கும் இந்த அதிகாரிக்கு மக்களும் வாக்களிப்பதில்லை, மாநில மேலவையின் ஒப்புதலும் தேவையில்லை.

நம் மாநிலத்தின் பிளின்ட் நகரை மறந்துவிடாதீர்கள். 2014 ஏப்ரலில், நிதி நெருக்கடியிலிருந்த நகரை நிர்வகிக்க மாநில அரசு நியமித்த அவசரகால மேலாளரின் ஆட்சியில், அந்நகரின் குடிநீர் பிளின்ட் ஆற்றுக்கு மாற்றப்பட்டது. குழாய் அரிப்பைத் தடுக்கும் வேதிப்பொருள் சேர்க்கப்படாததால் ஈயம் நீரில் கலந்தது. நகர மன்றத்திடம் அதிகாரம் இல்லாத நிலையில் மக்கள் முறையிட ஆளுநர் மாளிகையே எஞ்சியிருந்தது. அப்போதைய ஆளுநர் ரிக் ஸ்னைடரின் தலைமை அதிகாரியான டெனிஸ் மச்மோர் 2015 ஜூலையில் சுகாதாரத் துறைக்கு அனுப்பிய மின்னஞ்சலில், மக்கள் அஞ்சுகிறார்கள் என்றும், நாம் அவர்களை உதாசீனம் செய்கிறோம் என்றும் வெளிப்படையாகவே எழுதினார். சரியான கவலைதான். ஆனால் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் கூடுவது பருவகால ஏற்றமே, அதற்குத் தண்ணீர் காரணமல்ல என்று துறை பதில் சொன்னது.

செப்டம்பர் 24 அன்று பிளின்ட் நகரக் குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா அட்டிஷா, குடிநீர் மாற்றத்துக்குப் பின் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் கூடியிருப்பதைக் காட்டும் தம் ஆய்வை வெளியிட்டார். மறுநாள் அதே மச்மோர் எழுதிய மின்னஞ்சல், சிலர் இதை அரசியலாக்குகிறார்கள் என்ற துறைகளின் கருத்தைத்தான் ஆளுநருக்குக் கொண்டு சென்றது. நகரம் பழைய நீருக்குத் திரும்பியது அக்டோபரில்.

மச்மோர் இரக்கமற்றவர் என்று நான் சொல்லவில்லை. ஜூலையில் அவர் எழுதியதே அதற்குச் சான்று. குற்றம் சாட்டப்படும் துறையிடமே விளக்கம் கேட்டு, அந்த விளக்கத்தையே முடிவாக ஏற்றுக்கொண்டதுதான் பிழை. ஆகவே, துறையின் பதிலோடு நின்றுவிடாமல் வெளியிலுள்ள ஒரு மருத்துவரையோ பொறியாளரையோ அன்றே தொலைபேசியில் அழைக்கக்கூடியவரை, ஆளுநர் கேட்க விரும்பாததையும் அவர் முகத்துக்கு நேரே சொல்லக்கூடியவரை அப்பதவியில் அமர்த்துங்கள். தேர்தலில் உழைத்ததற்கான பரிசாக அதைக் கொடுத்துவிடாதீர்கள்.

மேலும் ஒன்று. அந்த ஜூலை மின்னஞ்சல் 2016 ஜனவரியில்தான் மக்களுக்குத் தெரிய வந்தது. இம்மாநிலத்தின் 1976ஆம் ஆண்டுத் தகவல் சுதந்திரச் சட்டம் ஆளுநர் அலுவலகத்துக்கு விலக்கு அளித்திருக்கிறது. அந்த விலக்கை நீக்கப் பாடுபடுவீர்களா என்பதையும், தலைமை அதிகாரியாக யாரை எண்ணியிருக்கிறீர்கள் என்பதையும் வாக்குப்பதிவுக்கு முன்பே எங்களிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மிச்சிகனில் வாழும் ஒரு தமிழ் வாக்காளர்