காலாண்டு விடுமுறையும் எட்டாம் வகுப்பின் ஆப்பிரிக்கா மாதிரிகளும்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வு முடிந்துவிட்டது, நாளையிலிருந்து பிள்ளைகளுக்கு விடுமுறை. இந்தப் பருவம் நல்லபடியாகவே போனது. வட்டார விளையாட்டுப் போட்டிகளில் நம் மாணவர்கள் பரிசு வாங்கி வந்தார்கள். சுதந்திர தின விழா சிறப்பாக நடந்தது. பேச்சு, ஓவியம், கட்டுரைப் போட்டிகளில் கலந்துகொண்ட அனைவருக்கும் வாழ்த்துகள். குடிநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்து புது வடிகட்டி போட்டாயிற்று. பத்தாம் வகுப்பின் மாலை நேரப் படிப்பு விடுமுறைக்குப் பிறகும் தொடரும்.

சரி, இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன்.

எட்டாம் வகுப்பில் ஆப்பிரிக்கக் கண்டத்தின் இயற்கை அமைப்பைப் பாடமாக நடத்தினோம். மலை, பீடபூமி, ஆறு, பாலைவனம் எல்லாம் தெரியும்படி ஆளுக்கொரு மாதிரி செய்துவரச் சொல்லியிருந்தோம். போன வெள்ளிக்கிழமை அவற்றைக் கூடத்தில் வரிசையாக வைத்தோம். பார்க்கக் கண்ணைப் பறித்தன. தெர்மாகோலில் சீராக வெட்டிய கண்டம், ஸ்ப்ரே பெயின்ட், நீல விளக்கு எரியும் நைல் நதி, கணினியில் அச்சடித்து ஒட்டிய பெயர்கள். ஆனால் நான்கைந்து மேசை தாண்டியதும் உறுத்த ஆரம்பித்தது. பல மாதிரிகள் ஒரே கைவேலை. எல்லாவற்றிலும் கிளிமஞ்சாரோ மலையின் பெயரில் அதே எழுத்துப்பிழை. எல்லாவற்றிலும் சூடான் பிரியாத ஒரே நாடாக இருந்தது. தெற்கு சூடான் தனி நாடானது 2011 ஜூலையில். நம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பிறப்பதற்கு முந்தைய வரைபடத்தை வைத்து யாரோ வெட்டி விற்ற மாதிரிகள் அவை.

விளக்கு எரியும் நைலைக் கொண்டுவந்திருந்த மாணவனிடம், "தம்பி, இந்த ஆறு எங்கே பிறந்து எங்கே போகிறது?" என்று கேட்டேன். அவன் மத்திய தரைக்கடலில் விரலை வைத்து அப்படியே கீழே இழுத்தான். "மேலேயிருந்து கீழே, டீச்சர்."

அவன் மேல் எனக்குக் கோபமே இல்லை. சுவரில் மாட்டிய வரைபடத்தையே பார்த்து வளரும் எந்தப் பிள்ளையும் அப்படித்தான் நினைக்கும். வரைபடத்தின் மேல்பக்கம் வடக்கு, அவ்வளவுதான். அது மேடு ஆகிவிடாது. எத்தியோப்பிய மேட்டுநிலத்தில் தானா ஏரியிலிருந்து நீல நைல் கிளம்புகிறது. தெற்கே ஏரிகள் நிறைந்த மேட்டுநிலத்திலிருந்து வெள்ளை நைல் வருகிறது. இரண்டும் சூடானின் கார்ட்டூம் நகரில் சேர்ந்து வடக்கே பாலைவனத்தைக் கடந்து கடலில் கலக்கின்றன. ஏறக்குறைய 6,650 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ஆற்றின் திசையைத் தீர்மானிப்பது நிலத்தின் சரிவு. தட்டையான தெர்மாகோல் பலகையில் சரிவு எங்கே இருக்கிறது?

கடைசி மேசையில் ஒரு மாணவியின் மாதிரி இருந்தது. பழைய அண்டா மூடியில் களிமண்ணைப் பிசைந்து வைத்திருந்தாள். காய்ந்து வெடித்திருந்தது. மடகாஸ்கர் பெயர்ந்து தனியாகக் கிடந்தது. அவளிடமும் அதே கேள்வியைக் கேட்டேன். "எத்தியோப்பியாவை ஒசத்தி வச்சு டம்ளர்ல தண்ணி ஊத்திப் பாத்தேன் டீச்சர், வடக்கே ஓடிருச்சு. நைஜர் மட்டும் வளையவே மாட்டேங்குது" என்றாள்.

அந்த இரண்டாவது வாக்கியத்துக்காகவே அவளுக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். நைஜர் ஆறு அட்லாண்டிக் கடலிலிருந்து சுமார் 240 கிலோமீட்டர் தூரத்தில்தான் கினி மேட்டுநிலத்தில் பிறக்கிறது. ஆனால் பக்கத்துக் கடலுக்குப் போகாமல், முதுகைத் திருப்பிக்கொண்டு சகாராவின் விளிம்புக்குப் போகிறது. மாலி நாட்டின் திம்புக்டு நகரின் பக்கம் வளைந்து, தெற்கே திரும்பி, சுமார் 4,180 கிலோமீட்டர் ஓடிய பிறகு கினி வளைகுடாவில் விழுகிறது. மேல்பகுதியும் கீழ்ப்பகுதியும் ஒரு காலத்தில் தனித்தனி ஆறுகளாக இருந்து பிறகு சேர்ந்தவை என்று புவியியலாளர்கள் விளக்குகிறார்கள். 1796-இல் ஸ்காட்லாந்துப் பயணி மங்கோ பார்க் அந்த ஆறு கிழக்கே ஓடுவதை நேரில் பார்த்தும், அது எங்கே போய் முடிகிறது என்று ஐரோப்பியர்களுக்குத் தெரியவில்லை. 1830-இல் ஆங்கிலேயப் பயணிகளான லேண்டர் சகோதரர்கள் ஆற்றோடு போய்க் கடலை அடைந்த பிறகுதான் அவர்களுக்கு விடை கிடைத்தது. பெரியவர்களைப் பல காலம் குழப்பிய கேள்வியில் நம் மாணவி ஒரு அண்டா மூடியை வைத்துக்கொண்டே வந்து நின்றிருக்கிறாள். கடையில் வாங்கிய மாதிரி எதுவும் ஒரு பிள்ளையை அந்த இடத்துக்குக் கொண்டுபோகாது.

உங்கள் சிரமம் எனக்குப் புரிகிறது. வேலை முடிந்து வீடு திரும்பி, சமையல் முடித்து அப்பாடா என்று உட்காரும்போதுதான் பிள்ளை வந்து, "நாளைக்கு மாடல் கொண்டுபோகணும்" என்று நிற்கும். அந்த நேரத்தில் களிமண்ணுக்கு எங்கே போவது? எங்கள் பக்கமும் தவறு உண்டு. தேர்வு நெருங்கும் சமயத்தில் நான்கே நாள் அவகாசம் கொடுத்தோம். முந்தைய ஆண்டுகளில் பளபளவென்று இருந்த மாதிரிகளுக்கே முதல் பரிசு கொடுத்து, இந்தப் பழக்கத்தை வளர்த்ததும் நாங்கள்தான். அதற்காக வருந்துகிறேன்.

இருந்தாலும் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மதிப்பெண் வெளியான அன்று இரவு வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்த செய்திகளைப் படித்தேன். "எண்ணூறு ரூபாய் செலவு செய்திருக்கிறோம், மதிப்பெண் ஏன் குறைந்தது?" என்று கேட்டிருந்தீர்கள். சிலர் சமூக அறிவியல் ஆசிரியையை இரவு பத்து மணிக்கு மேல் போனில் அழைத்துப் பேசியிருக்கிறீர்கள். இது சரியல்ல. வளரறி மதிப்பீட்டு மதிப்பெண், அதாவது தேர்வு தவிர வகுப்புச் செயல்பாடுகளுக்குத் தரும் மதிப்பெண், பிள்ளைக்கு உரியது, செலவுக்கு உரியது அல்ல. இந்த மதிப்பெண்கள் மாற்றப்பட மாட்டா. இனி எந்த வகுப்பிலும் கடையில் வாங்கிய மாதிரியையோ, பெரியவர்கள் செய்து கொடுத்த மாதிரியையோ வாங்கமாட்டோம், திருப்பி அனுப்பிவிடுவோம். மதிப்பெண் பற்றிக் கேட்க வேண்டியிருந்தால் பள்ளி நேரத்தில் நேரே என்னிடம் வாருங்கள்.

குறைந்த மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளை அப்படியே விட்டுவிடப் போவதில்லை. பள்ளி திறந்த முதல் வாரத்தில் எட்டாம் வகுப்புக்கு இரண்டு பாடவேளைகளைச் சேர்த்து ஒதுக்கியிருக்கிறோம். நான்கு பேருக்கு ஒரு தட்டு. களிமண்ணைப் பள்ளியே தரும். பெரும்பாலும் பீடபூமியாக இருக்கும் ஒரு கண்டம் கடலோரத்தில் எப்படிச் சட்டென்று இறங்குகிறது என்று அவர்களே பிசைந்து பார்ப்பார்கள். பூமத்தியரேகையை இரண்டு முறை கடக்கும் காங்கோ ஆறு, கடலை நெருங்கும்போது ஏன் நீர்வீழ்ச்சியாகவும் பாறைகளுக்கிடையே சீறும் வேக ஓட்டமாகவும் இறங்குகிறது, கப்பல்கள் கடலிலிருந்து ஏன் நேராக உள்ளே போக முடியவில்லை என்பதெல்லாம் அந்த விளிம்பைக் கையால் தொட்டால் புரியும். இரண்டு கையாலும் மண்ணைப் பக்கவாட்டில் இழுத்தால் நடுவில் பள்ளம் விழும். கிழக்கு ஆப்பிரிக்காவின் பிளவுப் பள்ளத்தாக்கு அப்படி உண்டானதுதான். அந்தப் பள்ளத்தில் நிறைந்த டாங்கன்யிகா ஏரி சுமார் 1,470 மீட்டர் ஆழம். பள்ளத்தாக்கின் இரு கிளைகளுக்கும் நடுவே மேட்டில் தேங்கிய விக்டோரியா ஏரி பரப்பில் அதைவிடப் பெரிது, ஆழமோ சுமார் 80 மீட்டர்தான். இதைச் செய்து பார்த்த பிள்ளைக்கு மனப்பாடம் தேவைப்படாது.

விடுமுறையில் உங்களால் முடிந்த உதவி ஒன்று உண்டு, காசு செலவில்லை. அடுப்படியில் கேழ்வரகையும் கம்பையும் கையில் எடுத்துக் காட்டுங்கள். கேழ்வரகு முதலில் விளைந்தது கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்தில். கம்பு வந்தது சகாராவுக்குத் தெற்கே உள்ள வறண்ட புல்வெளிப் பகுதியிலிருந்து. புளிக்கும் பிறந்த வீடு ஆப்பிரிக்காதான். ஒன்று மேட்டில் விளைகிறது, ஒன்று வறட்சியைத் தாங்குகிறது என்று பேச்சு போனால், தட்பவெப்பப் பாடத்தில் பாதி முடிந்த மாதிரி. அப்புறம் வீட்டில் உலக வரைபடம் இருந்தால் கிரீன்லாந்தையும் ஆப்பிரிக்காவையும் ஒப்பிடச் சொல்லுங்கள். சில வரைபடங்களில் இரண்டும் ஒரே அளவாகத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா அதைப்போலப் பதினான்கு மடங்கு, இந்தியாவைப்போல ஒன்பது மடங்கு.

பிள்ளையின் படிப்புக்காக ராத்திரி கண்விழித்த ஒவ்வொரு அம்மாவுக்கும் அப்பாவுக்கும் என் மனமார்ந்த நன்றி. நீங்கள் இவ்வளவு அக்கறை காட்டுவதால்தான் இந்தக் கடிதத்தை எழுதும் உரிமையை எடுத்துக்கொண்டேன். அந்த மாணவிக்குக் கல் பொறுக்கி மண் சலித்துக் கொடுத்துவிட்டு, மற்றதை அவளிடமே விட்ட பாட்டிக்கும் நன்றி சொல்ல வேண்டும். அந்த அண்டா மூடியை அவர்களிடம் கேட்டு வாங்கிப் பள்ளியில் வைத்திருக்கிறோம். வந்து பாருங்கள்.

பள்ளி திறக்கும்போது எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு பழைய தட்டும், ஒரு டம்ளரும், கை துடைக்க ஒரு துணியும் கொடுத்தனுப்புங்கள். சீருடையில் சேறு படும், அன்று மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
அன்புடன்,
தலைமையாசிரியை