நுசா பெனிடாவின் நீரோட்டத்தையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பாலியை ஒட்டியுள்ள நுசா பெனிடா தீவு பற்றிச் சென்ற இதழில் வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். மான்டா திருக்கைகளைப் பற்றிய பகுதி அருமை. ஆனால் ‘நீச்சல் தெரிந்தால் போதும், யாரும் ஸ்கூபா செய்யலாம்’ என்ற வரியைப் படித்ததும் பதறிவிட்டேன்.

அந்தத் தீவு இருப்பது லோம்போக் நீரிணையில். பசிபிக்கிலிருந்து இந்தியப் பெருங்கடலுக்குப் பாயும் தண்ணீரில் ஒரு பகுதி அந்த இடுக்கு வழியாகத்தான் போகிறது. ஏற்றவற்றமும் சேர்ந்துகொண்டால் ஒரே டைவில் நீரோட்டம் திசை மாறிவிடும். ஜூலை முதல் அக்டோபர் வரை ஆழத்துக் குளிர்நீர் மேலே வரும். சில நாள் 20 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடும். மோலா மோலா என்கிற பெரிய சூரியமீன் மேலே வருவதும் அப்போதுதான். கூட்டம் குவிவதும் அப்போதுதான்.

இரண்டு வருடம் முன்பு ஆகஸ்டில் நானும் தம்பியும் அங்கே கிரிஸ்டல் பேயில் இறங்கினோம். இருவரிடமும் இருந்தது 18 மீட்டர் வரை மட்டுமே இறங்கலாம் என்கிற முதல்கட்டச் சான்றிதழ். கடைக்காரர்கள் அதைக் கேட்கவே இல்லை. ஏழு பேருக்கு ஒரே கைடு. விரிகுடாவின் முனையைத் தாண்டியதும் தம்பி விட்ட காற்றுக்குமிழ்கள் மேலே போகாமல் கீழே போயின. கீழ்நோக்கி இழுக்கும் நீரோட்டம்! எனக்கு அப்போது அதன் அர்த்தம் தெரியாது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் 27 மீட்டருக்குப் போய்விட்டான். கைடுதான் பாய்ந்து பிடித்து, பாறைச் சுவரை விட்டு விலக்கி வெளிக்கடல் பக்கம் இழுத்துச் சென்றார். அந்த மனிதருக்கு இன்றும் மனதுக்குள் கும்பிடு போடுகிறேன்.

மேலே வந்தால் எங்கள் படகைக் காணோம். அலைக்கு நடுவே ஒரு தலை யார் கண்ணுக்குத் தெரியும்? காற்றடைத்துத் தூக்கிக் காட்டும் ஆரஞ்சுக் குழாய் எங்கள் யாரிடமும் இல்லை, கைடிடமும் இல்லை. முக்கால் மணி நேரம் மிதந்தோம். அப்புறம் ஜுக்குங் என்கிற சிறு படகில் வந்த ஒரு மீனவர்தான் பார்த்தார்.

நாங்கள் பிழைத்தோம். 2014 பிப்ரவரியில் பக்கத்துத் தீவான லெம்போங்கானில் இறங்கிய ஜப்பானியப் பெண்கள் ஏழு பேரை நீரோட்டம் அடித்துச் சென்றது. மூன்று நாள் கழித்து ஐந்து பேர் உயிரோடு கிடைத்தார்கள். மற்ற இருவர் உயிரோடு திரும்பவில்லை.

போகவேண்டாம் என்று சொல்லவில்லை. அவ்வளவு அழகான பவளப்பாறையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. முதலில் வேறு இடத்தில் இருபது, முப்பது டைவ் பழகிவிட்டுப் போகட்டும். ஒரு கைடுக்கு எத்தனை பேர், ஆரஞ்சுக் குழாயும் விசிலும் தருவார்களா, எந்த நேரத்தில் இறக்குவார்கள் என்று பணம் கட்டும் முன்பே கேட்கட்டும். இதை அடுத்த இதழில் ஒரு பெட்டிச் செய்தியாகவாவது தயவுசெய்து போடுங்கள். ஆகஸ்டுக்கு டிக்கெட் எடுத்தவர்கள் உங்கள் வாசகர்களிலேயே இருப்பார்கள்.

ஒரு வாசகி,
கோயம்புத்தூர்