பம்பு விஷயமாக

திருநகர், மதுரை

மாப்ள செல்வம்,

இங்கே எல்லாரும் நலம். தங்கச்சியும் பிள்ளைகளும் நலம் என்று சேது சொன்னான். நீ கேட்ட மாவடுவை அவன் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். வழியில் அவன் மூடியைத் திறக்காமல் இருந்தால் உனக்கு முழுசாக வந்து சேரும். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. உசிலம்பட்டி வீட்டைப் பூட்டிச் சாவியைப் பெரியப்பாவிடம் கொடுத்துவிட்டோம். இனி அம்மா எங்களோடுதான் இருப்பார்.

விஷயத்துக்கு வருகிறேன். என் கம்ப்யூட்டரைத் தண்ணீர் ஓட்டிக் குளிரவைக்கப் போகிறேன் என்று ஃபோனில் சொன்னேன். நீயோ, "பெரிய ஹீட்சிங்க் ஒன்றை வாங்கி மாட்டிவிட்டு வேலையைப் பாருடா" என்று சொல்லி வைத்துவிட்டாய். உன்னிடம் ஃபோனில் வாதாடி யார் ஜெயித்திருக்கிறார்கள்? அதனால் எழுதுகிறேன். கடைசிவரை படித்துவிட்டுப் பேசு.

அம்மா படுப்பது என் கம்ப்யூட்டர் இருக்கும் மாடி ரூமில். பகலில் வரைந்த கட்டடப் படங்களை ராத்திரி ரெண்டரில் (வரைபடத்தை ஃபோட்டோபோல மாற்றும் வேலை) போட்டால்தான் காலையில் அனுப்ப முடியும். போட்ட கொஞ்ச நேரத்தில் ஃபேன்கள் எகிறும், ஒரு படம் முடிந்ததும் இறங்கும், அடுத்த படத்தில் மறுபடி ஏறும். சீலிங் ஃபேன் சத்தம் அம்மாவுக்குப் பழகிவிட்டது. இந்த ஏற்ற இறக்கம்தான் எழுப்பிவிடுகிறது. முந்தாநாள் நடுராத்திரி, கண்மேல் ஒட்டிய பிளாஸ்டிக் மூடியோடு எழுந்து உட்கார்ந்து, "இந்நேரத்துல எந்த மில்லுலடா மாவரைக்கிறாங்க?" என்று கேட்டார். உடனே நிறுத்திவிட்டேன். ஆனால் தினமும் நிறுத்தினால் சோறு எங்கிருந்து வரும்?

நீ சொன்ன ஹீட்சிங்க், அதாவது பிராசஸர்மேல் உட்கார்ந்து சூட்டைக் காற்றில் விடும் உலோகத் தகடுகள், நல்ல பொருள்தான், மறுக்கவில்லை. பிராசஸர் 125 வாட், கிராபிக்ஸ் கார்டு 170 வாட், கிட்டத்தட்ட 300 வாட் சூடு. ஹீட்சிங்க் அதை எடுத்து அதே ரூமுக்குள்தான் கொட்டும். பகலெல்லாம் மொட்டை மாடி குடித்த வெயில் ராத்திரி பத்து மணிக்கும் இறங்குவதில்லை. அம்மாவுக்கு ஏசியும் ஆகாது. சூட்டை ரூமைவிட்டே வெளியேற்ற வேண்டும் என்பதுதான் என் கட்சி. அதற்குத் தண்ணீரைவிடத் தோதான வண்டி கிடையாது.

தண்ணீர் ஓட்டினால் ஜில்லென்று ஆகிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள், அது இல்லை. தண்ணீரின் சூட்டைக் காற்றில் விடுவது ரேடியேட்டர். வெளிக்காற்று 36 டிகிரி என்றால் ரேடியேட்டர் தண்ணீர் அதற்குக் கீழே போகவே போகாது. லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்: நிமிடத்துக்கு 1 லிட்டர் ஓடினாலே, 300 வாட் சூடு தண்ணீரை நாலு டிகிரி சொச்சம்தான் ஏற்றும். ஆகவே வேகமான பம்பு தேவையில்லை. ரேடியேட்டரின் பரப்புதான் முக்கியம். பரப்பு பெரிதாக இருந்தால் ஃபேன் மெதுவாகச் சுற்றினால் போதும். ஃபேன் வேகத்தைப் பாதியாக்கினால் சத்தம் 15 டெசிபல் அளவுக்கு இறங்கும். அப்புறம் அதைக் காது கொடுத்துத் தேட வேண்டியதுதான். மூன்று 120 மில்லிமீட்டர் ஃபேன் பிடிக்கும் செம்பு ரேடியேட்டர், தகடுகள் நெருக்கமில்லாத ரகமாகப் பார்த்து வைத்திருக்கிறேன். நெருக்கமான தகடு என்றால் மெதுவான காற்று உள்ளே நுழையாது. அலுமினியம் வேண்டவே வேண்டாம். செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் இருந்தால் அலுமினியம் அரித்துப்போகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ரேடியேட்டரை வடக்குச் சுவருக்கு வெளியே, சன்ஷேடுக்கு அடியில் மாட்டப்போகிறேன். வடக்கு எப்போதும் நிழல் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். சித்திரை பிறந்ததிலிருந்து ஆவணி இரண்டாம் வாரம்வரை மதுரையில் உச்சி வெயில் வடக்குப் பக்கமாகத்தான் சாய்கிறது. ஆனால் நேர் செங்குத்துக்குப் பக்கத்திலேயே நிற்பதால் மத்தியானத்துக்கு இரண்டடி சன்ஷேடு போதும். பெரிய தொல்லை அணில். கேபிள் டிவி வயரையே கடித்துத் துண்டாக்கியிருக்கிறது, ரப்பர் குழாயை விடுமா? அதனால் சுவரைத் தாண்டும் இடத்தில் ஏசி மெக்கானிக்குகள் போடும் செம்புக் குழாய், உள்ளே மட்டும் கறுப்பு ரப்பர் குழாய். தெளிவான பிளாஸ்டிக் குழாய் பார்க்க அழகுதான், ஆனால் நாளானால் மங்கிவிடும். வெளிச்சம் பட்டால் பாசியும் பிடிக்கும். தண்ணீருக்கு நம் போர் தண்ணீர் ஆகாது. வீட்டுக் குக்கரின் அடியைப் பார்த்தாலே காரணம் தெரியும். டிஸ்டில்டு வாட்டர் கேன்தான்.

அம்மாவிடம் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தேன். "தண்ணியக் குளுர வைக்கணும்னா மானாமதுரப் பானை வாங்கி வையேன்" என்றார். அன்றைக்கு வேலையே ஓடவில்லை, பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டேன். 1 லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 2,430 கிலோஜூல் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். நாளைக்கு 1 லிட்டர் கசிந்து ஆவியாகும் பானை என்றால், அது இழுப்பது 28 வாட். என் 300 வாட்டுக்குப் பத்துப் பானைக்கு மேல் வரிசையாக வைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் அதுவும் ஓடாது. உப்புத் தண்ணீர் ஊற்றினால் பானையின் கண்ணும் அடைத்துக்கொள்ளும். ஆனாலும் அம்மா சொன்னதில் ஓர் அருமையான விஷயம் இருக்கிறது, மாப்ள. ஆவியாகிக் குளிரும் தண்ணீர் வெளிக்காற்றைவிடக் குளிர்ந்தாலும், காற்றின் ஈரம் பனித்துளியாகப் படியும் அளவுக்கு ஒருநாளும் இறங்காது. குழாயில் வியர்த்து மதர்போர்டில் சொட்டுமோ என்ற பயமே இல்லை. ஃபிரிட்ஜ் கம்ப்ரஸரை வைத்துச் செய்தால் இந்தப் பயம் உண்டு. அடுத்த கோடையில் ரேடியேட்டரோடு ஒரு பானையைச் சேர்த்துப் பார்க்கத்தான் போகிறேன். செம்புச் சுருளைப் பானைக்குள் இறக்கிவிட்டால் மண்ணும் குழாய்க்குள் வராது.

எனக்கு நிஜமான கவலை கசிவுதான். டிஸ்டில்டு வாட்டர் மின்சாரம் கடத்தாது என்று தைரியம் சொல்கிறார்கள். செம்பிலும் பித்தளையிலும் சுற்றிவந்த பிறகு அது டிஸ்டில்டு வாட்டராகவா இருக்கும்? இந்த மெஷினுக்கு நான் இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு ஜாயின்ட் விட்டுக்கொடுத்தால் மெஷினும் போகும், அந்த மாதத்து வேலையும் போகும். அதனால் முதலில் பம்பை மட்டும் ஒரு நாள் முழுக்க ஓட்டுவேன். பவர் சப்ளையின் 24 பின் கனெக்டரில் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் சேர்த்துவிட்டால், போர்டில் மாட்டாமலே பம்புக்குக் கரன்ட் வரும். ஒவ்வொரு ஜாயின்டிலும் டிஷ்யூ பேப்பர் சுற்றி வைத்து ஈரம் தெரிகிறதா என்று பார்ப்பேன்.

இப்போது உன் பங்குக்கு வருகிறேன். ஃபேன் சத்தம் அடங்கியதும் பம்பின் ரீங்காரம்தான் மிஞ்சும். நான் பார்த்திருப்பது டி5 என்கிற 12 வோல்ட் பம்பு. வேகத்துக்கு 1 முதல் 5 வரை திருகு உண்டு, எனக்கு 2 போதும். தானாகத் தண்ணீர் இழுக்காது, தொட்டி அதற்கு மேலேதான் இருக்க வேண்டும். அதையும் வெளியே ரேடியேட்டர் பக்கத்தில் ஒரு பெட்டிக்குள் வைக்கலாமா, அல்லது உள்ளேயே ஸ்பாஞ்சில் உட்காரவைக்கலாமா? வெளியே வைத்தால் தூசியும் சாரலும். உள்ளே வைத்தால் மர அலமாரி அதிர்வை வாங்கிப் பெரிதாக்கும் என்று பயப்படுகிறேன். கோயம்புத்தூரில் இத்தனை வருஷம் மோட்டாரோடு குடித்தனம் நடத்துகிறாய். ஓடும் பம்பில் விரலை வைத்தே பேரிங்கின் லட்சணத்தைச் சொல்கிறவன் நீ. ஒத்தக்கடை மோட்டார் கதையை மட்டும் எடுக்காதே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வா. காலையில் திலகர் திடல் சந்தையில் பழைய ஃபேன் கிரில்லும் ஸ்டாண்டும் பார்ப்போம், மத்தியானம் சுவரில் ஓட்டை போடுவோம். உன் 16 மில்லிமீட்டர் டிரில் பிட்டை மறக்காமல் எடுத்து வா. என்னிடம் இருப்பது செங்கலுக்கே திணறுகிறது.

உன்,
பாண்டி