வெப்ப ஒட்டை மொத்தமாக வாங்கும் முன் சோதித்துப் பாருங்கள்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

மேட்டூரில் தண்ணீர் திறந்து குறுவை நடவு தொடங்கிவிட்டால், மன்னார்குடியில் எங்கள் மருந்துக்கடையில் வலி மாத்திரையும் தைலமும்தான் முதலில் தீரும். நாளெல்லாம் குனிந்து நாற்று நட்டால் இடுப்பு சும்மா இருக்குமா? மாத்திரை வயிற்றைப் புண்ணாக்குகிறது, மருந்தில்லாத ஒட்டு ஏதாவது இருக்கிறதா என்று பலர் கேட்டீர்கள். வலிக்கும் இடத்தில் ஒட்டினால் தானே சூடாகி ஒத்தடம் தரும் வெப்ப ஒட்டு (ஹீட் பேட்ச்) இப்போது கடையில் இருக்கிறது.

உள்ளே இரும்புத் தூள், கரி, உப்பு, கொஞ்சம் ஈரம், அவ்வளவுதான். உறையைக் கிழித்ததும் காற்று பட்டு இரும்பு துருவேறும். அந்தச் சூடு 40 டிகிரி அளவில் 8 மணி நேரம் வரை நிற்கும். புதிதில் விரலால் அழுத்தினால் தூள் நறநறவென்று நகரும். சூடு தீர்ந்ததும் கட்டிதட்டிப் போயிருக்கும்.

இது வேலை செய்யுமா? 'ஸ்பைன்' என்ற மருத்துவ இதழில் 2002-ல் வந்த ஆய்வில், புதிதாக வந்த இடுப்பு வலிக்கு இபுபுரூஃபன், பாராசிட்டமால் இரண்டையும்விட இது நன்றாகவே கேட்டது. பல வருஷமாகத் தேய்ந்த முழங்காலுக்கும் அப்படியே கேட்கும் என்று நாங்கள் சொல்ல மாட்டோம்.

அதனால் ஒன்றிரண்டு மட்டும் வாங்கிப் பாருங்கள். நடவு வலி, வேலை முடிந்து சில நாளில் தானாகவே குறையும். அன்றைக்கு எதை ஒட்டியிருந்தாலும் பேர் அதற்குத்தான் போகும். எனவே நடவு நடக்கும்போதே ஒரு நாள் ஒட்டுங்கள், மறுநாள் விடுங்கள். தினமும் இரவில் வலிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு காலண்டர் தாளில் குறித்து வையுங்கள். மாத்திரை போட்ட நாளையும் குறியுங்கள். ஒட்டிய நாளுக்கும் ஒட்டாத நாளுக்கும் வித்தியாசமே தெரியவில்லையா? இதற்குக் காசு செலவழிக்காதீர்கள்.

சர்க்கரை நோயால் தோல் மரத்துப்போனவர்கள் ஒட்டவே வேண்டாம். சுடுவது தெரியாமல் கொப்பளித்துவிடும். தைலம் தடவிய இடத்திலும், தூங்கும்போதும் கூடாது. வயதானவர்கள் துணிக்கு மேல் ஒட்டிக்கொள்ளுங்கள். மூட்டு வீங்கிச் சிவந்து காய்ச்சலும் இருந்தால் ஒட்டைத் தேடி எங்களிடம் வராமல் நேரே டாக்டரிடம் போங்கள். டாக்டர் எழுதித் தந்த மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

அடுத்த முறை வரும்போது அந்தக் காலண்டர் தாளையும் எடுத்து வாருங்கள். உட்கார்ந்து சேர்ந்தே பார்ப்போம்.

அன்புடன்,
உங்கள் மருந்துக்கடை, மன்னார்குடி